இன்சுலின் நிறைய இருந்தும் சர்க்கரை ஏன் இறங்குவதில்லை? செல்லுக்குள் செய்தி போகும் வழியும் அதை நிறுத்தும் வழியும்

சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் குறைவில்லை, வழக்கத்தைவிடக் கூடவே சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்குக் கட்டுப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். பாடத்திலோ இன்சுலின் செல்லுக்குள் போவதில்லை, வெளிச்சவ்வில் இருந்து ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு நின்றுவிடுகிறது என்று இருக்கிறது. உள்ளே போகாத ஒன்று உள்ளே எப்படி வேலை வாங்குகிறது? ஹார்மோனும் இருந்து ஏற்பியும் இருந்தால் கோளாறு எங்கே? ஊசி போடாமல் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தது ஏன்?"

அரசாங்க கிளினிக் ஒன்றின் மருந்துக் கவுண்ட்டரில் பல ஆண்டுகள் இருந்த மருந்தாளுநன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். ஆகவே இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

மூன்று கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஹார்மோன் வெளியிலிருந்து வரும் செய்தி; அந்தச் செய்தியைக் கேட்டு என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்பவை செல்லுக்குள் வரிசையாக நிற்கும் புரதங்கள். அந்த வரிசையில் செய்தியைக் கடத்தும் புரதங்களுக்கு ஈடாக, அதை அழிக்கும் புரதங்களும் ஒவ்வொரு படியிலும் நிற்கின்றன. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்பி நல்ல நிலையில்தான் இருக்கும். ஏற்பிக்கு அடுத்த படிகளில் அழிக்கும் பக்கம் ஓங்கிவிட்டதே கோளாறு. பாடநூல்கள் கடத்தும் பக்கத்தை அம்புக்குறிகள் போட்டு அழகாக வரைந்துவிட்டு, அழிக்கும் பக்கத்தை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்தக் குறையால்தான் டாக்டர் சொன்னதும் பாடம் சொல்வதும் முரண்படுவதுபோல் தோன்றுகின்றன என்பது என் கருத்து.

உள்ளே போகாமல் உள்ளே வேலை வாங்குவது எப்படி என்பதை 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எர்ல் சதர்லாந்தும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை இன்சுலினுக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் அட்ரினலினும் குளுக்ககானும். கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோசாக இரத்தத்தில் விடச் சொல்பவை இவை. விடியுமுன்னே எழுந்து, ஒரு மங்கு கோப்பி ஓவைக் குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் பசியாறும் நேரம் வரை மரத்துக்கு மரம் நடந்து உழைக்க முடிந்ததில் இந்த இரண்டு ஹார்மோன்களுக்கும் பங்குண்டு.

சதர்லாந்தின் குழுவினர் அரைத்த கல்லீரல் கூழில் ஹார்மோனைச் சேர்த்தார்கள்; கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்னும் நொதியின் வேகம் கூடியது. பிறகு கூழைச் சுழற்றி, சவ்வுத் துண்டுகள் அடங்கிய கசடைத் தனியாகவும் மேலே தெளிந்த நீரைத் தனியாகவும் பிரித்தார்கள். நொதி தெளிநீரில்தான் இருந்தது, ஆனால் அதில் ஹார்மோனைச் சேர்த்தபோது பழைய விளைவு கிடைக்கவில்லை. அடுத்துச் செய்ததுதான் நுட்பமான வேலை. கசடோடு மட்டும் ஹார்மோனையும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் சேர்த்துச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு அதைச் சூடாக்கினார்கள். சூட்டில் புரதங்கள் திரிந்து செயலிழந்துவிடும். எஞ்சியதை எடுத்துத் தெளிநீரில் விட்டதும் நொதி வேகம் பிடித்தது. அப்படியானால் ஹார்மோனின் வேலை சவ்வோடு முடிந்துவிட்டது. சவ்வு, சூட்டுக்கு அழியாத சிறு பொருள் ஒன்றை உண்டாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறது. அந்தச் சிறு பொருளே சைக்ளிக் ஏ.எம்.பி. அதை இரண்டாம் தூதர் என்று அழைத்தார்கள். சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

சவ்வுக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி.க்கும் இடையில் நடப்பது பின்னால் தெரியவந்தது. குளுக்ககானின் ஏற்பி, சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். வெளிப்பக்கம் ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதன் உட்பக்க வடிவம் மாறுகிறது. அங்கே காத்திருக்கும் ஜி புரதம், தான் பிடித்திருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டுக் குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தால் அதன் ஆல்ஃபா பகுதி பிரிந்துபோய் அடினைல் சைக்ளேஸ் நொதியை முடுக்க, அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்குகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியின் அடக்கும் பகுதிகளில் ஒட்டி அவற்றை விலக்குகிறது. கைனேஸ் என்றால் வேறு மூலக்கூறின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. விடுபட்ட கைனேஸ், பாஸ்பாரிலேஸ் கைனேஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது பாஸ்பாரிலேஸின் மேல் ஒட்டுகிறது. பாஸ்பாரிலேஸ் கிளைக்கோஜனை உடைக்கிறது. அதே கைனேஸ் கிளைக்கோஜனைக் கட்டும் நொதியின் மேலும் பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. ஒருபக்கம் உடைத்துக்கொண்டே மறுபக்கம் கட்டும் வீண்வேலை இதனால் நடப்பதில்லை.

இத்தனை படிகள் எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுத்த அந்தக் காலத்துப் பெரட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: துரை லயத்துப் பக்கமே வரமாட்டார், அவர் சொன்ன ஒரு சொல் கிராணிக்கும், கிராணி வழியாகக் கங்காணிமாருக்கும், அவர்கள் வழியாக நூற்றுக்கணக்கானவர்களுக்கும் போய்ச் சேரும். செல்லிலும் ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இப்படித்தான் பெருகுகிறது, ஏனெனில் ஒரு நொதி மூலக்கூறு பல மூலக்கூறுகளின் மேல் வேலை செய்யக்கூடியது. இரத்தத்தில் குளுக்கோசை மில்லிமோலில் அளக்கிறோம். இன்சுலினையும் குளுக்ககானையும் அதைவிட நூறு கோடி மடங்கு சிறிய அலகான பிக்கோமோலில் அளக்கிறோம். அவ்வளவு சொற்பமான ஹார்மோன் இவ்வளவு குளுக்கோசை ஆள்வது இந்தப் பெருக்கத்தால்தான். ஆனால் ஒப்புமை இதோடு சரி. தோட்டத்தில் காலையில் போட்ட உத்தரவு பொழுது சாயும்வரை நிற்கும். செல்லுக்குள் போட்ட உத்தரவு போட்ட கணத்திலிருந்தே அழிக்கப்படுகிறது.

அந்த அழிப்பு முதலில் ஜி புரதத்திலேயே தொடங்குகிறது. ஆல்ஃபா பகுதி, தான் பிடித்திருக்கும் டிரைபாஸ்பேட்டைத் தானே சிதைத்து டைபாஸ்பேட்டாக்கி, தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. வேறு சில புரதங்கள் வந்து இந்தச் சிதைவை வேகப்படுத்துவதும் உண்டு. இந்த ஓர் அணைப்பு மட்டும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வாந்திபேதி என்று நம் முன்னோர் நடுங்கிய காலரா சாட்சி. காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்களில் உள்ள ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதியில் ஒரு வேதிக்கூற்றை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அது தன் டிரைபாஸ்பேட்டைச் சிதைக்க முடிவதில்லை. எந்த ஹார்மோனும் இல்லாமலே சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறிக்கொண்டே போகிறது, குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னாலேயே நீரும் லிட்டர் லிட்டராகப் போகிறது. கப்பலில் வந்து இறங்கியவர்களைப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்துச் சோதித்த காலத்தில் அஞ்சிய நோய்களுள் இதுவும் ஒன்று. செய்தி கடத்தும் கருவி ஒன்றும் கெடவில்லை, அதன் அணைப்பான் மட்டுமே கெட்டது. அதற்கே ஓர் ஆள் சில மணி நேரத்தில் உயிரிழக்கலாம்.

உண்டான சைக்ளிக் ஏ.எம்.பி.யைப் பாஸ்போடையெஸ்டரேஸ் நொதிகள் உடைக்கின்றன. காப்பியில் உள்ள காஃபீன் இந்த நொதிகளைத் தடுத்துத்தான் சுறுசுறுப்பைத் தருகிறது என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருக்கும். சோதனைக் குழாயில் அது உண்மை. ஆனால் ஒன்றிரண்டு மங்கு குடிப்பதால் இரத்தத்தில் சேரும் அளவில், காஃபீன் முக்கியமாகச் செய்வது அடினோசின் ஏற்பிகளை மறிப்பதுதான். தேர்வில் இதைச் சரியாக எழுதுங்கள்.

ஒட்டிய பாஸ்பேட்டுகளைக் கழற்றுபவை பாஸ்பேட்டேஸ் நொதிகள். புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவதும் கழற்றுவதுமே அதை முடுக்கவும் அடக்கவும் செய்கின்றன என்பதை இதே பாஸ்பாரிலேஸில் கண்டுபிடித்தவர்கள் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். 1950களில் செய்த அந்த வேலைக்கு நோபல் பரிசு வந்தது 1992இல். இன்சுலின் குளுக்ககானை எதிர்க்கும் இடங்களில் முக்கியமானவை இவையே: அது பாஸ்பேட்டேஸை ஊக்குவித்து, ஒருவகைப் பாஸ்போடையெஸ்டரேஸையும் முடுக்கி, குளுக்ககான் எழுதியதை அழிக்கிறது.

கடைசி அணைப்பு ஏற்பியிலேயே நடக்கிறது. ஹார்மோன் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், ஏற்பியின் உட்பக்கத்தில் சில கைனேஸ்கள் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அங்கே அரெஸ்டின் என்னும் புரதம் வந்து அமர்ந்து, ஜி புரதம் நெருங்காதபடி மறித்துக்கொள்கிறது. அதன்பின் ஏற்பி சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்கப்படுகிறது. சில ஏற்பிகள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் மேலே வரும். சில அங்கேயே செரிக்கப்படும். ஆஸ்துமாவுக்கு நாம் கொடுக்கும் நீலநிற இன்ஹேலரில் உள்ள சல்பூட்டமால் இந்த வகை ஏற்பியின் வழியாகவே மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது. அதை நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் பயன் குறைந்துகொண்டே வருவதற்கு ஏற்பிகளின் இந்தப் பின்வாங்கலும் ஒரு காரணம். கவுண்ட்டரில் ஒரே மாதத்தில் இரண்டாவது இன்ஹேலர் கேட்டு வருபவரிடம் மருந்தாளுநர் கேள்விமேல் கேள்வி கேட்பது கஞ்சத்தனத்தால் அன்று.

எல்லா ஹார்மோன்களும் இப்படிச் சவ்வில் நின்றுவிடுவதில்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ட்டிசோல் போன்ற ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைவதால் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, அங்கிருக்கும் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன. தைராய்டு ஹார்மோனைச் சவ்விலுள்ள கடத்திகள் உள்ளே கொண்டுசேர்க்கின்றன. அதன் ஏற்பி முன்கூட்டியே மரபணுவின்மேல் அமர்ந்து காத்திருக்கும். புதிய புரதம் உருவாக வேண்டியிருப்பதால் இவற்றின் முதன்மையான விளைவுகள் தெரிய மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகின்றன. மூட்டுவலிக்கு என்று பாசாரில் விற்கும் பதிவில்லாத சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அதுவரை ஓய்ந்திருந்த அட்ரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்காது. வீட்டில் அப்படி ஏதேனும் புட்டி இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இனி இன்சுலின். அதன் ஏற்பி வேறு வகை. வெளியே இரண்டு ஆல்ஃபா பகுதிகளும், சவ்வைக் கடந்து உள்ளே நீளும் இரண்டு பீட்டா பகுதிகளும் சேர்ந்த இந்த ஏற்பியே ஒரு நொதி. இன்சுலின் பொருந்தியதும் இரண்டு பீட்டா பகுதிகளும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு ஐ.ஆர்.எஸ். என்னும் புரதத்தின் டைரோசின்களிலும் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. பாஸ்பேட் ஏறிய ஐ.ஆர்.எஸ்.ஸைப் பி.ஐ.3 கைனேஸ் வந்து பற்றிக்கொண்டு, சவ்வின் உட்பக்கத்தில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கு மூன்றாவது பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அந்தக் கொழுப்பு, ஏ.கே.டி. என்னும் கைனேஸைச் சவ்வுக்கு அழைத்து முடுக்கச் செய்கிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளுக்கோசை உள்ளே விடும் குளூட் 4 என்னும் கடத்திகள் சாதாரண நேரத்தில் பெரும்பாலும் செல்லுக்குள் சிறு பைகளில் அடைந்து கிடக்கும். ஏ.கே.டி. அந்தப் பைகளைத் தடுத்து வைத்திருக்கும் புரதத்தைச் செயலிழக்கச் செய்ய, பைகள் சவ்வோடு வந்து கலக்கின்றன. கடத்திகள் மேற்பரப்பில் நிற்கின்றன. குளுக்கோஸ் உள்ளே போகிறது. சாப்பிட்ட பிறகு இரத்தச் சர்க்கரை இறங்குவதில் பெரும்பங்கு தசையில் நடக்கும் இந்தப் பை நகர்த்தலுக்கு உண்டு.

ஒவ்வொரு படிக்கும் இங்கேயும் எதிர்ப்படி உண்டு. ஏற்பியின் டைரோசின் பாஸ்பேட்டை ஒரு பாஸ்பேட்டேஸ் கழற்றுகிறது. கொழுப்பில் சேர்த்த மூன்றாவது பாஸ்பேட்டைப் பி.டென் என்னும் நொதி எடுத்துவிடுகிறது. குளூட் 4 மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. இன்சுலினும் ஏற்பியோடு சேர்த்து உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. கணையத்திலிருந்து வரும் இன்சுலினில் ஏறக்குறையப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே இப்படி எடுத்துவிடும். எனவே இன்சுலின் செல்லுக்குள் போவதே இல்லை என்ற வரி கண்டிப்பாகப் பார்த்தால் சரியன்று. வேலை வாங்குவதற்காக அது உள்ளே போவதில்லை, முடிவதற்காகப் போகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு உரிய இடம் ஐ.ஆர்.எஸ். புரதம். அதன் டைரோசினில் பாஸ்பேட் ஒட்டினால் செய்தி நகரும். அதே புரதத்தில் செரின் என்னும் வேறு அமினோ அமிலத்தின் குறிப்பிட்ட இடங்களில் பாஸ்பேட் ஒட்டினால் செய்தி தளர்ந்துவிடும். ஒரே வேதிப்பொருள், ஒட்டும் இடம் மாறியதும் விளைவு தலைகீழாகிறது. செரினில் ஒட்டும் கைனேஸ்கள் பலவாறு தூண்டப்படுகின்றன. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேரும்போது அதன் இடைப்பொருள்கள் சில கைனேஸ்களை எழுப்புகின்றன. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கிளம்பும் அழற்சிச் செய்திகளும் அப்படியே. இன்சுலினே நெடுநேரம் உயர்ந்து நின்றால், அது முடுக்கிய வரிசையின் கீழ்ப்படியில் உள்ள ஒரு கைனேஸ் திரும்பிவந்து ஐ.ஆர்.எஸ்.ஸை அடக்குகிறது, மேற்பரப்பில் ஏற்பிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இவற்றுள் எது முதல் காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் வட்டம் தெளிவாகத் தெரிகிறது: செல் கேட்காததால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது, கூடுதலாகச் சுரப்பதால் செல் இன்னும் கேட்காமல் போகிறது. டாக்டர் சொன்ன "நிறைய இன்சுலின்" இந்த நிலையில் பார்த்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது கல்லீரல். இன்சுலின் அங்கே இரண்டு உத்தரவு போடுகிறது: குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்து, கொழுப்பைத் தயார் செய். இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போன கல்லீரலில் முதல் உத்தரவு எடுபடுவதில்லை, ஆனால் இரண்டாவது பெரும்பாலும் தொடர்ந்து நிறைவேறுகிறது. அதனால்தான் விடியற்காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும் கூடுதலாக இருந்து, இரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடும் கூடி, கல்லீரலில் கொழுப்பும் படிந்திருப்பதாக ஒரே பரிசோதனைத் தாளில் வருகிறது. "ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லையே, காலையில் எப்படிச் சர்க்கரை ஏறியது?" என்று கவுண்ட்டரில் கேட்கும் அம்மாமாருக்கு விடை இதுதான்: அந்தச் சர்க்கரை வாயால் வந்ததன்று, இரவு முழுக்கக் கல்லீரல் விட்டது.

மூன்றாம் கேள்விக்கு இதிலிருந்து விடை வந்துவிடுகிறது. மெட்ஃபார்மின் கணையத்தைக் கூடுதலாகச் சுரக்கச் சொல்வதில்லை. முக்கியமாகக் கல்லீரல் வெளிவிடும் குளுக்கோசைக் குறைக்கிறது. அது எந்தெந்தப் படிகளில் வேலை செய்கிறது என்பது பற்றி விவாதம் தொடர்ந்தாலும், செல்லின் ஆற்றல் உற்பத்தியைச் சற்றே தளர்த்தி, அதன்வழி குளுக்ககான் செய்தியையும் புதிய குளுக்கோஸ் தயாரிப்பையும் மந்தப்படுத்துவது அவற்றுள் ஒன்று. ஏற்கெனவே இன்சுலின் மிகுந்திருக்கும் உடம்பில் தொடக்கத்திலேயே இன்னும் இன்சுலினைச் சேர்ப்பதைவிட இது பொருத்தமான தொடக்கம். கூடவே தினமும் நடக்கச் சொல்லியிருப்பார்கள். அதைச் சம்பிரதாயப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம்: சுருங்கும் தசையில் கால்சியமும், ஆற்றல் குறைவதை உணரும் ஏ.எம்.பி. கைனேஸ் என்னும் வேறொரு நொதியும் எழுப்பும் செய்தி, அடைபட்ட ஐ.ஆர்.எஸ்.ஸைத் தொடாமலே வேறு வழியில் போய் அதே குளூட் 4 பைகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. இன்சுலின் வழி அடைபட்டவர்களிடமும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் பீட்டா செல்கள் களைத்துச் சுரப்புக் குறைந்தால் ஊசி தேவைப்படலாம். அப்போது குறைபாடு வேறு, அதற்கு மருந்தும் வேறு. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவோடு அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை எண்ணையும் கேட்டுக் குறித்து வாருங்கள். மாத்திரையின் அளவை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.